அளந்து படிக்கும் முதலாம் ஆண்டு வேண்டும்: புவியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் பௌதிகப் புவியியலையும் சூழற் புவியியலையும் கற்பிக்கும் விரிவுரையாளர்களுக்கும், அந்தப் பாட அலகுகளை வகுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பின் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரை ஊர் ஒன்றில் க.பொ.த. உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பித்துவரும் ஆசிரியன் நான். என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் ஒவ்வோர் ஆண்டும் உங்களிடம் வருகிறார்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது தங்கள் விரிவுரைக் குறிப்புகளையும் ஒப்படைகளையும் என்னிடம் காட்டுகிறார்கள். உங்களுள் ஓரிருவரும் இதே வாங்குகளில் இருந்து எழும்பிப் போனவர்கள்தான். ஆயினும் இந்த மடல் உங்கள் பொறுப்பை நோக்கி எழுதப்படுவதால் உறவுரிமை எடுத்துக்கொள்ளாமல் எழுதுகிறேன்.

வேண்டுகோள் ஒன்றே. அறிமுகப் பாடத்தின் செயன்முறைப் பகுதி இன்று ஆண்டு முடிவில் ஒருமுறை போய்வரும் களச் சுற்றுலாவாக இருக்கிறது. அதனை, குறிப்பிட்ட சில இடங்களுக்கு ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பச் சென்று அளந்து பதிகின்ற வேலையாக மாற்றுங்கள். அந்தப் பதிவுக்குப் பரீட்சை வினாத்தாளுக்குக் கொடுக்கும் மதிப்பில் ஒரு நியாயமான பங்கையும் கொடுங்கள். ஏன் இதைக் கேட்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

உங்களிடம் வரும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. புவியோட்டுத் தகடுகள், பாறை வகைகள், வானிலையாலழிதல், ஆறும் காற்றும் பனிக்கட்டியாறும் கடலலையும் ஆக்கும் நிலவுருவங்கள், வளிமண்டலப் படைகள், உலகக் காலநிலைப் பாகுபாடு என்பவற்றையெல்லாம் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டே வருகிறது. 1:50,000 இடவிளக்கப் படத்தின் ஒரு துண்டைக் கொடுத்தால் சமஉயரக்கோடுகளைப் பார்த்துக் குறுக்குவெட்டு வரையவும், சரிவையும் சுவட்டையும் பள்ளத்தாக்கையும் பெயர் சொல்லவும் அதற்குத் தெரியும். ஆனால் அந்தக் கோடுகளுக்குப் பின்னால் அளவீடு ஒன்று இருக்கிறது என்பதையும், அந்த அளவீட்டுக்கு ஒரு வழுவீச்சு இருக்கிறது என்பதையும் அது உணர்ந்திருப்பதில்லை. உயர்தரப் பரீட்சை அதைக் கேட்பதுமில்லை. பாடவேளைகளுக்குள் அதற்கு இடமுமில்லை. பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு நிரப்ப வேண்டிய வெற்றிடம் இதுதான் என்பது என் எண்ணம்.

நான் காணும் குறிப்புகளிலோ இந்த வெற்றிடம் அப்படியே விடப்பட்டு, ஏற்கெனவே நிரம்பியிருந்த பாத்திரத்திலேயே மேலும் ஊற்றப்படுகிறது. அமெரிக்கப் புவியியலாளர் டேவிஸ் 1899 இல் முன்வைத்த அரிப்பு வட்டத்தின் இளமை, முதிர்ச்சி, மூப்பு என்ற நிலைகளை உயர்தரத்தில் மனப்பாடம் செய்த பிள்ளை, முதலாம் ஆண்டிலும் அவற்றையே, இம்முறை ஆங்கிலக் கலைச்சொற்களோடு, மனப்பாடம் செய்கிறது. கழிமுகத்துக்கு மிசிசிப்பி, நுழைகழிக்கு நோர்வே, எரிமலைக்கு யப்பான் என்று உதாரணங்கள் வரிசையாக வருகின்றன. அவை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நோர்வேயின் நுழைகழியைப் படிக்காமல் பனிக்கட்டியாற்றின் வேலையை எங்கள் நாட்டில் நின்று விளங்கிக்கொள்ள வழியில்லை. ஆனால் கடற்கரை நிலவுருவங்களுக்கும், கடனீரேரிக்கும், மணற்றடைக்கும், வெள்ளச் சமவெளிக்கும், மலைமறைவுக் காற்றுக்கும் வெளியே போக வேண்டிய தேவை என்ன? இவை அனைத்தும் பொத்துவிலுக்கும் வாகரைக்கும் இடையில், பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

முகத்துவாரத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனெனில் ஓர் ஆண்டுப் பாடம் முழுவதையும் அங்கேயே நடத்திவிடலாம் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுவதுண்டு.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவுக்கு அருகிலும் பெரியகல்லாற்றிலும் அது கடலைச் சந்திக்கிறது. கோடையில் ஆற்றுநீர் வரத்துக் குறைந்ததும், கடலலைகள் கரையோரமாக நகர்த்திவரும் மணல் இந்த வாய்களை ஒடுக்கி, சில வேளைகளில் முழுமையாக அடைத்துவிடுகிறது. எங்கள் பகுதியின் வற்றுப்பெருக்கு வீச்சு ஒரு மீற்றரிலும் குறைவு என்பதால், வாயைத் திறந்து வைத்திருக்கும் வலு கடலின் ஏற்ற இறக்கத்துக்கு இல்லை. அந்த வலு ஆற்று வெள்ளத்துக்கே உண்டு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஆண்டு மழையின் பெரும்பங்கு கொட்டும்போது, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் ஆறுகளும் குளங்களின் மிகைநீரும் வாவிக்குள் இறங்க, நீர்மட்டம் ஏறி, வயல்கள் மூழ்கத் தொடங்குகின்றன. அப்போதுதான் ஆற்றுவாயை வெட்டுங்கள் என்ற குரல் எழும்புகிறது.

வெட்டுவதா, எப்போது வெட்டுவது, எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவது என்பதில் எல்லோருக்கும் ஒரே விருப்பம் இல்லை. பெரும்போக விதைப்பு முடிந்து பயிர் ஒரு சாண் உயரத்தில் நிற்கும் விவசாயிக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். வாவி மீனவருக்கோ வாய் திறக்கும் காலமும், இறால் குஞ்சுகள் கடலில் இருந்து உள்ளே வரும் காலமும் பொருந்தவேண்டும்; முன்கூட்டியே வெட்டி நீர் வடிந்துவிட்டால் கரையோரக் கண்டற் காடுகளின் அடியில் தண்ணீர் நிற்காது. கரைவலைக்காரர் தங்கள் பாடு, அதாவது வலை இழுக்கும் இடம், மாறிவிடும் என்று அஞ்சுவார்கள். இந்த வாதம் மாவட்டக் கூட்டங்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆனால் மணற்றடையின் உயரம் சென்ற செப்டெம்பரில் எவ்வளவு, அதற்கு முந்திய செப்டெம்பரில் எவ்வளவு, வாய் உடைந்த அன்று வாவியின் நீர்மட்டம் கடலிலும் எவ்வளவு கூட என்று கேட்டால், கூட்டத்தில் இருப்பவர்கள் தத்தம் நினைவில் இருந்தே பேசுகிறார்கள். புவியியல் படிக்கும் இளைஞர் நூற்றுக்கணக்கில் அருகிலேயே இருக்கும் ஒரு மாவட்டத்தில் இது நடப்பது எனக்கு விசித்திரமாகத் தோன்றுகிறது.

இதை அளக்கப் பெருஞ்செலவுள்ள கருவிகள் தேவையில்லை. எமரி என்ற கடலியலாளர் 1961 இல் விவரித்த முறைக்கு இரண்டு தடிகளும் ஒரு கயிறும் போதும். ஒன்றரை மீற்றர் நீளமான இரண்டு நேரான தடிகளில் மேல்நுனியில் இருந்து கீழ்நோக்கிச் சென்ரிமீற்றர் குறியிட்டு, இடையில் இரண்டு மீற்றர் கயிறு கட்டவேண்டும். கரைமேட்டில் நிலையான ஓர் அடையாளத்தில், ஒரு கொங்கிறீற்றுத் தூணோ கிணற்றுக்கட்டோ போதும், முதல் தடியை நிறுத்தி, கயிறு இறுகும் தூரத்தில் கடற்பக்கமாக மற்றத் தடியை நிறுத்தவேண்டும். நிலப்பக்கத் தடியோடு நிற்பவர் கடற்பக்கத் தடியின் மேல்நுனியையும் அப்பால் தெரியும் அடிவானத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க, அந்தக் கோடு தன் தடியை நுனியில் இருந்து எத்தனை சென்ரிமீற்றர் கீழே வெட்டுகிறதோ, அவ்வளவும் அந்த இரண்டு மீற்றரில் நிலம் இறங்கிய இறக்கம். வாசித்த எண்ணை மற்றொருவர் கொப்பியில் எழுத, பின்தடி முன்தடி நின்ற இடத்துக்கு வர, முன்தடி மேலும் கடலை நோக்கி நகரும். அலை நுரை காலைத் தொடும் வரை இப்படியே போனால் கரையின் குறுக்குவெட்டு கையில் இருக்கும். அடிவானம் கடலில் தெளிவாகத் தெரியும் நாளில்தான் இது சரிவரும் என்பதையும், ஈரமணலில் தடி புதைந்தால் எண் பொய்த்துப்போகும் என்பதையும் பிள்ளைகள் முதல் நாளிலேயே தாமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். வழு என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் விரிவுரை எனக்குத் தெரியாது.

அதே கோட்டில் ஓகஸ்டிலும், நவம்பர் பிற்பகுதியிலும், ஜனவரியிலும், ஏப்பிரலிலும் குறுக்குவெட்டு எடுத்தால், வாடைக்காலத்துப் பேரலைகள் கரைமேட்டை வெட்டி இழுப்பதும், கடல் அமர்ந்த மாதங்களில் மணல் மெல்லத் திரும்பி வந்து ஏறுவதும் நான்கு கோடுகளாக ஒரே தாளில் வந்து நிற்கும். புத்தகத்தில் இரண்டு வரியில் படித்த பருவகாலக் கரைமாற்றம், பிள்ளையின் கையெழுத்தில் எண்களாக இருக்கும். அடுத்த ஆண்டு வரும் தொகுதியினர் அதே அடையாளத்தில் இருந்து தொடர்ந்தால், ஐந்து ஆண்டுகளில் மாவட்டக் கூட்டத்தில் மேசையில் வைக்கக்கூடிய ஒரு பதிவு உருவாகியிருக்கும்.

வானிலைப் பகுதிக்கு எங்கள் கச்சான் காற்றைப்போல் வாய்ப்பான ஆசிரியர் வேறில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே உலர்ந்து சூடாகி இறங்குவது பற்றி எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள். கணக்காகச் செய்யச் சொன்னால் பலர் நின்றுவிடுவார்கள். மேற்கே கடல் மட்டத்தில் 27 பாகை செல்சியஸ் உள்ள ஈரக்காற்று 2,000 மீற்றர் மலையில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முகில் உண்டாகும் வரை, முதல் 500 மீற்றரில், ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை என்ற வீதத்தில் 5 பாகை குறையும். முகில் உண்டான பின்னர் ஒடுங்கும் நீராவி மறைவெப்பத்தை விடுவிப்பதால் குறையும் வீதம் பாதியாகிவிட, மிகுதி 1,500 மீற்றரில் 7.5 பாகை மட்டுமே குறைந்து, உச்சியில் 14.5 பாகை இருக்கும். ஒடுங்கிய நீர் முழுவதும் மழையாகப் பெய்துவிட்டதென்றால், கிழக்கே இறங்கும் காற்று உலர்காற்று; 2,000 மீற்றரும் அதே 10 பாகை வீதத்தில் சூடேறி, எங்கள் சமவெளியில் 34.5 பாகையாக வந்து சேரும். புறப்பட்ட வெப்பநிலையிலும் 7.5 பாகை கூட.

இது கரும்பலகைக் கணக்கு மட்டுமே. காற்று முழுவதும் உச்சியைத் தாண்டி வருவதில்லை, மலைகளின் இடைவெளிகளாலும் வருகிறது, நிலத்தின் சூடும் சேர்கிறது. ஆகவே அளக்கவேண்டும். யூலையில் ஒரே நாள் பிற்பகல், ஈர உலர் குமிழ் வெப்பமானிகளோடு ஒரு குழு கல்லடிக் கடற்கரையிலும், ஒரு குழு கொக்கட்டிச்சோலையிலும், ஒரு குழு உன்னிச்சைக் குளக்கட்டிலும் நின்று, மணிக்கு ஒருமுறை வெப்பநிலையையும் சாரீரப்பதனையும் காற்றுத் திசையையும் குறித்தால், கடற்காற்று எத்தனை மணிக்குக் கரையைத் தொட்டது, எவ்வளவு தூரம் உள்ளே வந்தது, எங்கே கச்சானிடம் தோற்றது என்பது மாலையில் ஒரே தாளில் தெரியும். படுவான்கரையில் பகலில் வயலில் நிற்பவர்களுக்கு அந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று முன்னமே தெரியும். எங்கள் மாணவர்களுக்கும் தெரியவேண்டும்.

சூழற் புவியியல் என்ற பாட அலகைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. பூகோள வெப்பமாதல், ஓசோன் படை, அமிலமழை, அமேசன் காடழிப்பு என்ற வரிசையில் அது நடக்கும்போது, மாணவருக்குச் சூழற் பிரச்சினை என்பது வேறெங்கோ, வேறு யாராலோ நிகழ்வதாகிவிடுகிறது. காத்தான்குடியில் இருந்து களுவாஞ்சிகுடி வரையும், அதற்குத் தெற்கே கல்முனை வரையும், வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணற்றிடலில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். அந்த மணலுக்குள் மழைநீர் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரிலும் நாற்பதில் ஒரு பங்கு கூட என்பதால், நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கலாம் என்பது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்திலும், சற்றுப் பின்னர் ஜேர்மனியிலும் கண்டறியப்பட்ட உறவு. இதன் மறுபக்கந்தான் எங்களுக்கு முக்கியம்: மின்பம்பியால் இறைத்து நீர்மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் இறக்கினால், கீழிருக்கும் உப்பெல்லை நான்கு மீற்றர் மேலேறப் பார்க்கும். ஒடுங்கிய திடலில் உண்மை நிலைமை இந்த எளிய விகிதத்திலும் சிக்கலானது. ஆனால் திசை இதுதான். 2004 சுனாமிக்குப் பின் உப்பேறிய கிணறுகளைச் சுத்தம் செய்ய அவசரப்பட்டு ஓயாமல் இறைத்தால் கேடுதான் கூடும் என்று நீரியலாளர் எச்சரித்ததன் காரணமும் இதுவே.

அதே திடலில் அதே வளவுக்குள் கிணறும் மலசலகூடக் குழியும் இருக்கின்றன. மணல் நீரை வடிகட்டும் என்று எல்லோரும் நம்புகிறோம். நைத்திரேற்றை மணல் வடிகட்டுவதில்லை. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குழாய்நீர் வந்த ஊர்களிலும் கிணறு கைவிடப்படவில்லை; குளிப்பு, தோட்டம், சமையல் என்று ஏதோ ஒரு வழியில் அது பாவனையில் இருக்கிறது. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு மின்கடத்துதிறன் மானியோடு கடற்கரையில் இருந்து வாவிக்கரை வரை ஒரே குறுக்கொழுங்கையில் உள்ள கிணறுகளை, வீட்டாரின் சம்மதத்தோடு, மழைக்கு முன்னும் பின்னும் அளந்து வரச்சொல்லுங்கள். அந்த ஒழுங்கையில் நடந்து திரும்பும் மாணவருக்கு நிலத்தடி நீர் என்ற பாடத்தை மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியிராது. வீட்டு வாசலில் நின்று பேசவும், இது எதற்கு என்று கேட்கும் அம்மாவுக்கு விளங்கும் தமிழில் பதில் சொல்லவும் பழகிக்கொள்வார்கள் என்பது உபரி இலாபம்.

அம்பாறைக் கரையிலுள்ள ஒலுவிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புகள் கரையோர மணலோட்டத்தை மறித்ததும், வடக்கே நிந்தவூர் பக்கமாகக் கரை தின்னப்பட்டதும், துறைமுக வாயே மணலால் தூர்ந்ததும் ஊரறிந்தவை. முதலாம் ஆண்டு மாணவருக்கு அங்கே கிடைப்பது தொலையுணர்வின் முதற்பாடம். லான்ட்சற் செய்மதிப் படங்கள் 2008 முதல் எவருக்கும் இலவசம். சென்ரினல்-2 செய்மதியின் 10 மீற்றர் துல்லியமுள்ள படங்களும் இலவசம். அவற்றின்மேல் படம் வரைய உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளுக்கும் பணம் இல்லை. துறைமுகத்துக்கு முந்திய கரைக்கோட்டையும் பிந்திய கரைக்கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். லான்ட்சற்றின் ஒரு படத்துணுக்கு நிலத்தில் 30 மீற்றர் என்பதால், 20 மீற்றர் அரிப்பு அதற்குள் மறைந்துபோகும் என்பதையும் கண்டுபிடிக்கட்டும். அதன்பிறகு கரைக்குப் போய் நாடாவால் அளக்கட்டும்.

அனர்த்தம் என்ற தலைப்பை நான் தயக்கத்தோடுதான் தொடுகிறேன், ஏனெனில் எங்கள் வகுப்பறைகளில் அதற்குப் பெயர் சொல்லி அழக்கூடிய உறவுகள் உண்டு. 1978 நவம்பர் 23 இன் சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2004 டிசெம்பர் 26 இல் இந்த நாட்டில் மிகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மட்டக்களப்பில் நாவலடி போன்ற ஒடுங்கிய மணல்நாக்குகளில் ஓடித் தப்ப மேடு இருக்கவில்லை. அதன் பின்னர் மீள்குடியேற்றத்துக்காக வகுக்கப்பட்ட தடைவலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கடலில் இருந்தான தூரத்தால் மட்டும் தீர்மானிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. நிலத்தின் உயரமும், மணல்மேடு இருக்கிறதா வெட்டப்பட்டுவிட்டதா என்பதும், பின்னால் வாவியா வயலா என்பதும் அந்தக் கோட்டில் இல்லை. தூரத்தால் வரைந்த கோட்டுக்கும் உயரத்தால் வரைந்த கோட்டுக்கும் இடையில் எத்தனை வீடுகள் அகப்படும் என்பது ஒரு சமஉயரக்கோட்டுப் படமும் ஒரு பிற்பகலும் இருந்தால் செய்யக்கூடிய பயிற்சி. அதைச் செய்த மாணவர் பிற்காலத்தில் பிரதேச செயலகத்தில் மேசைக்குப் பின்னால் இருக்கும்போது, மேலிருந்து வரும் எந்தக் கோட்டையும் கேள்வி கேட்கத் தெரிந்தவராக இருப்பார்.

2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில், வயல்வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரப் பெட்டியில் வந்த மதரசா மாணவர்கள் அள்ளுண்டு மாண்டார்கள். ஓடும் நீர் தரும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. வெள்ளச் சமவெளியைக் குறுக்கே வெட்டிப் போடப்படும் வீதி, தண்ணீரை ஒருபக்கம் தேக்கி, தாழ்ந்த இடத்தில் ஒருங்கே பாயவைக்கிறது. இவை முதலாம் ஆண்டு நீரியலின் அரிச்சுவடி. இந்த அரிச்சுவடியை வீதியில் நின்று படித்த பட்டதாரிகள் பாடசாலைகளுக்கும் கந்தோர்களுக்கும் போகவேண்டும் என்று கேட்பது மிகையான ஆசையல்ல என்று நினைக்கிறேன்.

இனி, நீங்கள் சொல்லக்கூடிய தடைகளுக்கு வருகிறேன். மாணவர் தொகை பெரிது. ஒரே பேருந்தில் ஏற்றிச் செல்ல முடியாது. மெய்தான். ஆனால் நான் கேட்பது எல்லோரும் எல்லா இடத்துக்கும் போவதையல்ல. பெரும்பாலான பிள்ளைகள் கரையோர ஊர்களிலும் படுவான்கரையிலும் குளக்கட்டுகளுக்கு அருகிலும் வளர்ந்தவர்கள். எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு ஒரு நிலையம் என்று பிரித்துக் கொடுத்தால், அவர்கள் வார இறுதியில் சாதாரண பேருந்தில் போய்வருவார்கள். மலைநாட்டில் இருந்தும் வடக்கில் இருந்தும் வந்த பிள்ளைகளை இந்தக் குழுக்களோடு கலந்துவிட்டால் அவர்களும் இந்த நிலத்தை அறிவார்கள். பாதுகாப்பு என்பது பாரமான வாதம், அதை நான் ஒதுக்கவில்லை. வெட்டிய ஆற்றுவாய்க்கு அருகே மணல் எந்த நேரமும் இடிந்து விழும். வெள்ளநாளில் எவரும் அங்கே போகக்கூடாது. வாடைக்காலத்தில் முழங்காலளவு நீருக்கு அப்பால் எந்த மாணவரும் கால் வைக்கக்கூடாது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். செலவைப் பற்றியோ பேசவே கூச்சமாக இருக்கிறது: ஒரு மலைநாட்டுச் சுற்றுலாவின் பேருந்து வாடகையில் தடிகளும் கயிறுகளும் வெப்பமானிகளும் ஓரிரு மின்கடத்துதிறன் மானிகளும் வாங்கி மிச்சமும் இருக்கும். ஹோட்டன் சமவெளிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று அரிப்புச் சமவெளிகள் என்று அடம்ஸ் என்ற புவிச்சரிதவியலாளர் 1929 இல் எழுதிய நிலத்தின் உச்சிப்படியை ஒருமுறை கண்ணால் காண்பது நல்லதே. எங்கள் பிள்ளைகள் அதன் அடிப்படியில், விஜயன் தொடரின் பழம்பாறைகள் குடும்பிமலையாகவும் வேறு தனிக்குன்றுகளாகவும் எழும்பி நிற்கும் சமவெளியில் வாழ்கிறவர்கள். அந்தப் படியை அறிந்துகொண்டு மேலே ஏறட்டும்.

தவணை அட்டவணைதான் உண்மையில் கடினமானது. பரீட்சையும் விடுமுறையும் மழை மாதங்களில் விழுந்தால், வாவி மிகுதியாகப் பேசுகின்ற காலத்தில் மாணவர் வகுப்பில் இருக்கமாட்டார்கள். இதற்காக நாட்காட்டியை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அளவீட்டுப் பதிவை ஒரு தவணையின் பாடமாகக் கட்டாமல், முதலாம் ஆண்டின் இரண்டு தவணைகளிலும் தொடரும் ஒரே வேலையாகக் கட்டி, ஆண்டு முடிவில் புள்ளி வழங்குவது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். புள்ளி இல்லாத வேலையை மாணவர் செய்யமாட்டார்கள் என்பதை இத்தனை ஆண்டு ஆசிரியத் தொழிலில் தெரிந்துகொண்டிருக்கிறேன். அதில் அவர்கள் மேல் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் புள்ளியை அழகான அறிக்கைக்குக் கொடுக்காதீர்கள். அழுக்குப்பட்ட களக்கொப்பிக்குக் கொடுங்கள்: திகதி, நேரம், அலையின் நிலை, அளந்தவர் பெயர், பொருந்தாத எண்ணை அழிக்காமல் கோடிட்டு வைத்த இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். பிறர் பதிவைப் பார்த்து எழுதுவது எளிது என்பீர்கள். இரு குழுக்கள் ஒரே கோட்டை ஒரே நாளில் தனித்தனியே அளந்து, இரண்டு எண்களும் ஏன் வேறுபட்டன என்று சேர்ந்து விளக்கவேண்டும் என்று ஒரு விதி வைத்தால், பார்த்து எழுதியவர் அந்த விளக்கத்தில் அகப்பட்டுவிடுவார்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு சொல்லோடு நிறுத்துகிறேன். மேற்படிப்புக்கு ஆங்கிலம் தேவை, மறுப்பில்லை. ஆயினும் களக்கொப்பி தமிழில் இருக்கட்டும். கிணற்றடியிலும் வயல்வட்டையிலும் மீன்வாடியிலும் கேட்டறியும் செய்தி தமிழில்தான் கிடைக்கிறது. அதை அன்றைக்கே அப்படியே எழுதிவைப்பதுதான் பதிவு.

சேர்ந்த எண்கள் எங்கே போகவேண்டும் என்பதையும் இப்போதே தீர்மானிப்பது நல்லது. ஒவ்வோர் ஆண்டின் கொப்பிகளும் துறையின் அலுமாரியில் கட்டிவைக்கப்பட்டுக் கறையானுக்கு இரையாவதானால், நான்காவது தொகுதியினர் மறுபடி முதலில் இருந்து தொடங்குவார்கள். ஒரே வடிவத்தில் ஒரு பொது அட்டவணை, அதில் நிலையத்தின் பெயரும் ஆள்கூறும், அளந்த திகதியும், எண்ணும், வழுவும் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையமும், நீர்ப்பாசனத் திணைக்களமும், மீனவர் சங்கங்களும், உயர்தர வகுப்புகளும் கேட்டால் கொடுக்கக்கூடியதாக அது இருக்கட்டும். எங்கள் மாணவர் பரீட்சைக்குப் பயிலும் குறுக்குவெட்டு, தங்கள் ஊர்க் கரையினுடையதாக, தங்கள் அண்ணன் அக்காமார் அளந்ததாக இருந்தால் எங்களுக்கும் கற்பிப்பது எளிதாகும்.

எங்கள் பாடசாலையில் மழைமானி ஒன்று இருக்கிறது; காலை எட்டரை மணிக்கு மாணவர் முறைவைத்து வாசித்து எழுதுகிறார்கள். அந்தப் பதிவை உங்களுக்குத் தர ஆயத்தமாக இருக்கிறோம். கரைமேட்டில் நிலையான அடையாளத் தூண் நாட்டுவதற்கு ஊர் அபிவிருத்திச் சங்கத்தோடும் கரைவலைச் சங்கத்தோடும் பேசித்தரவும், உங்கள் குழுக்கள் வரும் நாட்களில் உயர்தர மாணவரைத் துணைக்கு அனுப்பவும் முடியும். முதல் குறுக்குவெட்டு மழை தொடங்குமுன், செப்டெம்பர் மாதத்துக்குள், எடுக்கப்படவேண்டும். வாய் வெட்டப்பட்ட பின்னர் எடுத்தால் ஒப்பிட எதுவும் இராது. பாடத்திட்ட மீளாய்வு முடிவடையக் காலம் எடுக்கும் என்பது விளங்குகிறது. அதுவரை ஒரு குழுவை மட்டுமாவது விருப்பச் செயற்பாடாக அனுப்ப இயலுமாயின், எந்தக் கிழமை வருவார்கள் என்பதை ஓகஸ்ட் முடிவதற்குள் அறியத்தாருங்கள். தூண் நாட்டி வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உயர்தரப் புவியியல் ஆசிரியர் ஒருவர்,
எழுவான்கரை, மட்டக்களப்பு.